இடக்கைச் சொற்கள்

கும்மிடிப்பூண்டி போகும் காலை பாசஞ்சரில், பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, ஒருத்தி தன் சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். நான் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பொன்னேரியில் ஏறி அவளுக்கு எதிரில் இடம் பிடித்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. இடது கை விரல்கள் மட்டும் மூடிமேல் குதித்துக்கொண்டிருந்தன. வலது கை மடியில் சும்மா கிடந்தது.

டைப் கற்றவர்களுக்கு இது ஒரு வியாதி. காதில் விழுவது, கண்ணில் படுவது எல்லாவற்றையும் விரல் அடித்துப் பார்க்கும். எனக்கும் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் விரல் ஓடும். "இன்னாடி இது, கையில பேய் பூந்துகிச்சா?" என்று அம்மா திட்டுவாள். அதே வியாதிக்காரி என்பதால் எதிரில் இருந்தவளின் விரல்களை என்னால் படிக்க முடிந்தது. மோதிர விரல் மேல்வரிசைக்குப் போனால் டபிள்யூ. சுண்டு விரல் இருந்த இடத்திலேயே அழுத்தினால் ஏ. நடுவிரல் மேலே போனால் ஈ. அவள் அடித்தது 'வாட்டர்'. பிளாட்பாரத்துத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்தது. அடுத்தது 'ஸ்ட்ரீட்'. அதற்கடுத்தது 'வேஸ்ட்'. வலது கை அசையவே இல்லை. இடது கையாலேயே அடித்து முடிக்கக்கூடிய சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விளையாட்டை உலகத்திலேயே நான் ஒருத்திதான் விளையாடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் வாயை அடக்க முடியவில்லை.

"எஸ்டேட்கூட இடது கைதாங்க" என்றேன்.

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக மறுபடி மூடிமேல் வைத்து, எஸ்டேட்டை அடித்துப் பார்த்தாள். "ஆமாம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஸ்டூவர்டெஸஸ் தெரியுமா? அதுவும் இடது கைதான். பன்னிரண்டு எழுத்து" என்றாள்.

"அப்படி என்றால் என்ன?"

"விமானத்தில் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள்."

ஒரு சொல் கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு மதியம்வரை எனக்குப் பசிக்கவில்லை.

இந்த விளையாட்டு எனக்குத் தொற்றியது பொன்னேரியில் நான் படித்த டைப் இன்ஸ்டிட்யூட்டில். எங்கள் பஸ் எப்போதும் தாமதம். நான் போய்ச் சேர்வதற்குள் நல்ல மெஷின்களில் எல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும். எனக்கு மிஞ்சுவது மூலையில் இருந்த கிழட்டு மெஷின். மழைக்காலத்தில் அதன் வலது பக்க விசைகள் அழுத்தினால் எழும்பாது. எண்ணெய் விட்டுத் துடைத்துக் காயும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், இடது கை விசைகளை மட்டும் வைத்து என்னென்ன சொல் அடிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன். கோபத்தில் ஆரம்பித்ததுதான். பிறகு அது இல்லாமல் பொழுது போகவில்லை.

டைப் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கில மெஷினில் எழுத்துகள் மூன்று வரிசை. உயிரெழுத்துகளில் ஏ, ஈ இரண்டும் இடது கைக்கு. ஐ, ஓ, யூ மூன்றும் வலது கைக்கு. மேல்வரிசை ஒன்றை வைத்தே டைப்ரைட்டர் என்று அடித்துவிடலாம். ப்ரொப்ரைட்டரும் அதே வரிசைதான், முதலாளி. பெர்பெச்சூயிட்டியும்தான், முடிவே இல்லாமல் என்றென்றைக்கும் இருப்பது. நடுவரிசையில் இருப்பது ஒரே உயிரெழுத்து. அதை வைத்துக்கொண்டு அல்ஃபால்ஃபா என்று மாட்டுக்குப் போடும் புல்லின் பெயர்வரைக்கும் போகலாம். கீழ்வரிசையில் உயிரெழுத்தே கிடையாது. அதனால் அந்த வரிசைக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. முதலாளி மேல்வரிசையில், மாட்டுப் புல் நடுவில், கீழே இருப்பவனுக்கு வாயே இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அவளும் நானும் விளையாடியது கைகளை வைத்து. ஒருத்தி இடது கைச் சொல் சொன்னால் மற்றவள் வலது கைச் சொல் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்லத் தெரியாவிட்டால் சொல் செல்லாது. நான் ரிவெர்பரேட்டட் என்பேன், எதிரொலித்தது. அவள் மோனோபாலி என்பாள், ஒருவனே எல்லாவற்றையும் கட்டி ஆள்வது. நான் ஆஃப்டரெஃபெக்ட்ஸ் என்பேன், ஒன்று நடந்து முடிந்த பிறகும் விடாமல் வந்துகொண்டிருக்கும் விளைவுகள். அவள் லாலிபாப் என்று குச்சி மிட்டாயை நீட்டுவாள். இடது கைச் சொற்கள் நீளமாகப் போகும். வலது கைக்கு நீளமான சொற்கள் அதிகம் கிடையாது. ஒப்பினியன், யூனியன் என்று சங்கத்து நோட்டீஸ்போல் வரும். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை அரை மணி நேரத்துக்குக் குறைவான பயணம்தான். கவரைப்பேட்டையில் வண்டி நின்றால் இன்னும் ஒரு சொல் கூடுதலாகக் கிடைக்கும். சிக்னலுக்காக நடுவழியில் நின்றால் எங்களுக்குப் பண்டிகை.

ஒருநாள் அவள் சொன்னாள். "கவனித்தீர்களா, ஐ, யூ, மை, நோ, ஒன்லி எல்லாம் வலது கை. நான், நீ, என்னுடையது, இல்லை, மட்டும். இடது கைக்கு வீ ஒன்றுதான். நாம்." சொல்லிவிட்டு மூடிமேல் மோதிர விரலால் ஒரு தட்டு, நடுவிரலால் ஒரு தட்டு. அதன் பிறகு காலையில் நான் பெட்டியில் ஏறியதும் அவள் வணக்கம் சொல்வதில்லை. மூடிமேல் அந்த இரண்டு தட்டுதான்.

இவ்வளவு பழகியும் அவள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவளுக்குத் தெரியாது. அவள் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறாள் என்றுகூடத் தெரியாது. பொன்னேரிக்கு வண்டி வரும்போதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்து இடத்தில் எனக்காகக் கைக்குட்டை போட்டிருப்பாள். அவள் பேசும் சுத்தமான தமிழைக் கேட்டு, மதராசில் நல்ல தெருவில் இருப்பவள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. நான் கேட்டால் அவளும் கேட்பாள் அல்லவா?

எங்கள் பக்கத்தில் ஊர் எது என்று கேட்டால் பாதகமில்லை. அடுத்த கேள்வி, எந்தத் தெரு. அதற்குப் பதில் சொன்னால் சாதி தெரிந்துவிடும். எங்கள் வீடு காலனியில், பழவேற்காடு போகிற ரோட்டை ஒட்டி. அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான்தான் முதலில் செருப்புப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்தவள். வீட்டில் நான் இன்னா என்பேன், ஊடு என்பேன். ரயிலில் என்ன என்பேன், வீடு என்பேன். பொன்னேரி ஸ்டேஷனில் கால் வைத்ததும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. பொன்னேரியிலிருந்து வரும் பஸ்ஸில் முதலில் வருவது காலனி ஸ்டாப், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில். அடுத்தது ஊர் ஸ்டாப், அரசமரத்தடியில். நான் தினமும் என் வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோய், ஊர் ஸ்டாப்பில் இறங்கி, வரப்பு வழியாகத் திரும்பி நடந்து வருவேன். எங்கள் ஆபீஸ் கணக்கர் அதே பஸ்ஸில் பழவேற்காடு வரை போகிறவர். அவர் கண்ணில் படக்கூடாது. ஊர்க்காரர்களுக்கு நான் யார் என்று நான் பிறந்த அன்றைக்கே தெரியும், அவர்களை ஏமாற்ற முடியாது. அந்த ஒரு மனிதருக்காக மழையிலும் வெயிலிலும் நடந்தேன்.

"பஸ்ஸு ஊட்டாண்டயே நிக்குது, நீ இன்னாத்துக்குடி அவ்ளோ தூரம் போயி நடந்துகினு வர்ற?" என்று அம்மா கேட்பாள். கால் நீட்டி நடந்தால் நல்லது என்பேன். காலம்பூரா வயலில் நடந்த அம்மாவுக்கு அது புரிந்ததோ என்னவோ, சும்மா என்னைப் பார்ப்பாள்.

ஆபீஸில் டைப் அறைக்கென்று தனியாக ஒரு தகரக் கூரை அறை. கம்பி இழுக்கும் தொழிற்சாலை அது. எந்நேரமும் இரும்பு கத்தும். அங்கே பெண் நான் ஒருத்திதான். காகிதத்தை ஜன்னல் வழியாக உள்ளே வைப்பார்கள், அடித்து முடித்ததை ஜன்னல் வழியாக எடுத்துப் போவார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் மேடம் என்ற ஒரு சொல்லுக்குமேல் யாரும் என்னோடு பேசியதில்லை. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். சோறும் தெருவைக் காட்டிக்கொடுக்கும். அலமாரியில் மேனேஜர் பிரித்தே பார்க்காமல் போட்டிருந்த தடித்த அகராதி ஒன்று கிடந்தது. சாப்பிட்டு முடித்ததும் அதைப் புரட்டி மறுநாள் காலைக்கு ஒரு சொல் தேடுவேன். நீளமாக ஒன்று அகப்பட்டால் அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இருந்தாள். தொழிற்சாலை, பஸ், காலனி எல்லாம் சேர்த்தும் எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஆள்தான். என் தெரு தெரிந்தால் அவள் கைக்குட்டை போடமாட்டாள் என்று பயந்தேன். அந்தப் பயம் ஒவ்வொரு காலையும் என்னோடு சேர்ந்து ரயிலேறும்.

ஒருநாள் அவள், "செக்ரிகேட்டட்" என்றாள்.

எனக்குத் தெரியாத சொல். "அர்த்தம்?"

"ஒதுக்கி வைக்கப்பட்டது" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கண்டுபிடித்துவிட்டாளா? என் புடவையா, என் டப்பாவா, எது காட்டிக்கொடுத்தது? அவள் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் ஜன்னலைப் பார்த்து, "யூனியன்" என்றேன். ஏற்கெனவே சொன்ன சொல், செல்லாது. அவள் அதைத் தட்டிக்கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் அந்த அம்மாள் வந்தாள். நல்ல பருமன், பெரிய மூக்குத்தி, உட்கார்ந்த இடத்தில் பெட்டிக்கே தலைவி ஆகிவிடுகிற ரகம். எங்களுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பொன்னேரியில ஏறுறியேம்மா, ஊடு எங்க?"

"பழவேற்காடு ரோட்டில்."

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட, அங்கதானே எங்க நாத்தனாரைக் குடுத்துகீறோம்! எந்தத் தெரு?"

"கோயில் தெரு பக்கம்."

"கோயில் தெருவுல யார் ஊடு? அங்க இருக்கிறதே ஏழெட்டு ஊடு. எனக்குத் தெரியாத ஊடா?"

நான் டப்பாவின் மூடியைப் பார்த்தேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். "ஓகோ" என்றாள். எனக்கும் தனக்கும் நடுவில் கால்மாட்டில் வைத்திருந்த தன் தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு சண்டை இல்லை. பெட்டியில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று.

பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கை மட்டும் தெரிந்தது. டப்பாமேல் விரல்கள் அசையாமல் இருந்தன. கும்மிடிப்பூண்டி வந்ததும் எழுந்து, கூட்டத்தில் முண்டியடித்து இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். காய்ச்சலாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு வாரம் பார்த்தேன். அந்த வாரத்தில் ஒருநாள், பிளாட்பாரத்தில் வெகு தூரத்தில், எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து அவள் இறங்கிப் போவதைப் பார்த்தேன். அதே பச்சை முந்தானை, அதே டப்பா. காய்ச்சல் எதுவும் இல்லை. என்னோடு உட்காரப் பிடிக்காமல் பெட்டி மாறியிருக்கிறாள்.

அன்றைக்கு டைப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரும்பு கத்துகிற சத்தத்தில் வாய்விட்டே அழலாம், யாருக்கும் கேட்காது. அந்த மூக்குத்தி அம்மாள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவளைப்போல் நூறு பேரைப் பார்த்தாயிற்று. இவள் வேறு என்று நினைத்தேன். ஸ்டூவர்டெஸஸும் ரிவெர்பரேட்டடும் தெரிந்தவளுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். அதுதான் என்னை அறுத்தது.

நானும் பெண்கள் பெட்டியை விட்டேன். கடைசிப் பெட்டியில் ஏற ஆரம்பித்தேன். மூட்டைகளும் பீடிப் புகையும் மீன் கூடைகளும் இருக்கும் பெட்டி. அங்கே யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் பின்பக்கமாக இறங்கித் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து தொழிற்சாலைக்குப் போய்விடுவேன். அவள் முன்பக்க வாசலில் போயிருக்க வேண்டும். அகராதியைத் தொடவில்லை. விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. கவரைப்பேட்டையில் வண்டி நின்றால் மடியில் இடது கை தானாக எதையாவது அடிக்கும். வலது கையை அதன்மேல் வைத்து அமுக்கிக்கொள்வேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று.

பிறகு அரசாங்கத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வு எழுதலாம் என்று எண்ணி, சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட்டேன். வாங்கிக்கொள்ளப் பொன்னேரி தாலுகா ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறிவிட்ட நேரம். ஜன்னலுக்கு முன்னால் நீளமான வரிசை. ஒவ்வொரு சான்றிதழாக எடுத்து, பெயர், காலனி, சாதி மூன்றையும் பியூன் ஊருக்கே கேட்கும்படி கத்தினான். ஏலக்கடையில் பொருளைக் கூவுகிறமாதிரி ஒரு கூவல். நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பூமியைப் பார்த்து நின்றேன்.

"அத்திப்பட்டு காலனி!" என்று கத்தி, ஒரு பெயரையும் சாதியையும் சேர்த்துக் கூவினான்.

"இங்கதான்யா கீறேன், இன்னாத்துக்கு இம்மாஞ் சத்தம்? காதா போச்சு எங்களுக்கு?" என்று வரிசையின் முன்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அந்தப் பேச்சு மட்டும் தெரியாத பேச்சு. சுத்தமான தமிழில் என்னிடம் அர்த்தம் சொன்ன அதே குரல், எங்கள் வீட்டுக் குழாயடியில் கேட்கிற தமிழைப் பேசியது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு திரும்பினாள். நான் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போனவள், நின்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இருவரும் அந்த வரிசையைப் பார்த்தோம். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் காகிதமும் கைக்கு வந்ததும், ஆபீஸ் வாசல் வேப்பமர நிழலில் போய் நின்றோம்.

"நீங்க மெட்ராசுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றேன்.

"நான் உங்களை ஊர்த்தெருன்னு நெனச்சேன்" என்றாள். "அந்தப் பொம்பள உங்களைக் கேட்டுச்சே, எனக்கு உசுரே போச்சு. அடுத்து என்னாண்டதான கேக்கும்? அதான் மறுநாளு மொதப் பொட்டிக்கு ஓடிட்டேன்."

"அது கேட்டதுல நான் யாருன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"எங்க தெரிஞ்சுது? நீங்க கோயில் தெருன்னு சொன்னது மட்டுந்தான் காதுல வுழுந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேக்கல. நம்ம கதை தெரிஞ்சா கோயில் தெருக்காரங்க நம்மகூட உக்காருவாங்களான்னு அதே ரோசனை." சற்று நிறுத்தி, "நீங்க அப்புறம் எதுல வந்தீங்க?" என்றாள்.

"கடைசிப் பொட்டி."

"அதே வண்டியா?"

"அதே வண்டிதான்."

"இத்தினி நாளுமா?"

தலையாட்டினேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நடுவில் எத்தனை பெட்டி இருந்திருக்கும்? அவள் முதல் பெட்டியில் மடிமேல் டைப் அடித்துக்கொண்டு, நான் கடைசிப் பெட்டியில் கையை அமுக்கிக்கொண்டு, ஒரே பயத்தை ஆளுக்கொரு முனையில் சுமந்துகொண்டு போயிருக்கிறோம். மூக்குத்தி அம்மாள் மட்டும் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்து வந்திருப்பாள். அந்தக் காலைகளை எல்லாம் யார் திருப்பித் தருவார்கள்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"உங்களுக்குச் சொல்லணும்னு ஒரு வார்த்தை வெச்சிருந்தேன்" என்றாள். "பன்னண்டு எழுத்து. எல்லாம் எடது கை."

"இன்னா அது?"

"டீசெக்ரிகேட்டட். ஒதுக்கி வெச்சதை மறுபடி ஒண்ணா ஆக்கறது."

"அது எங்க நடந்துச்சாம்?"

"அமெரிக்காவுலன்னு டிக்சனரியில போட்டிருக்குது."

"பொன்னேரி தாலுகாவுக்கு எப்ப வருதாம்?" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வரிசையில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் சொன்னாள், நான் இப்போது எழுதப்போகிற தேர்வை அவள் முன்பே எழுதித் தேறிவிட்டாள். தெற்கே, ராமநாதபுரம் பக்கம் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். வேலையில் சேரும்போது காட்டத்தான் இந்தச் சான்றிதழ்.

அவள் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அவளை மறுபடி பார்க்கவில்லை. பியூன் வாயால் அன்றைக்குத் தெரிந்துகொண்ட பெயரை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கு மிச்சம் இருந்தது. "வாங்க, எங்க ஊட்டுக்கு" என்றேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வரேன்" என்றாள், உடனே.

பழவேற்காடு பஸ்ஸில் அவள் முதலில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய் உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் எங்கள் ஆபீஸ் கணக்கர் ஏறினார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, திரும்பி, "லீவா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

கண்டக்டர் வந்தார். நான் தினம் வருகிறவள் என்பதால், கேட்காமலே ஊர் ஸ்டாப்புக்கு டிக்கெட் கிழிக்கப் போனார்.

"எத்தினி பேரு?"

நான் வாயைத் திறந்தேன். கணக்கரின் வழுக்கைத் தலை நேர் எதிரில் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எந்த ஸ்டாப் என்று கேட்கவும் இல்லை. அவள் இடது கை முன்சீட்டுக் கம்பிமேல் இருந்தது. மோதிர விரல் ஒரு முறை தட்டியது, நடுவிரல் ஒரு முறை தட்டியது.

"காலனி ஸ்டாப்பு" என்றேன். "ரெண்டு."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கணக்கர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் அவரைப் பார்த்தேன். கண்டக்டர் ஒரு கணம் பென்சிலைப் பிடித்தபடி நின்று, பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் எங்கள் வீட்டுக்கு எதிரில் நின்றது. இருவரும் இறங்கினோம். ரோட்டோரக் குழாயில் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், போகிற பஸ்ஸைப் பார்த்தாள், என்னோடு வந்தவளைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"இன்னாடி, இன்னிக்கு பஸ்ஸு உனுக்கு இங்கயே நின்னுடுச்சி?" என்றாள்.

"நிறுத்தச் சொன்னேம்மா" என்றேன்.